வாவியில் பழகிய கை

கடலே இல்லாத நாட்டிலும் பெருங்கடல் தாண்டும் மாலுமிகள் உருவாகிறார்கள் என்று சொன்னால் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். சுவிற்சர்லாந்து நாற்புறமும் நிலம் சூழ்ந்த மலைநாடு. அங்கே ஜெனீவா நகரைத் தொட்டுக்கொண்டு லெமான் என்ற வாவி கிடக்கிறது. பரப்பு ஏறத்தாழ 580 சதுர கிலோமீற்றர். மிக ஆழமான இடம் சுமார் 310 மீற்றர். அதன் கரையோர ஊர்களில் பாய்ப்படகுக் கழகங்கள் உண்டு. 'போல் தோர்' என்ற போட்டி 1939 முதல் அங்கு நடந்து வருகிறது. ஜெனீவாவிலிருந்து வாவியின் மறுமுனைக்குச் சென்று திரும்பும் அந்தப் போட்டியில் நூற்றுக்கணக்கான படகுகள் கலந்துகொள்கின்றன.

கோடையில் கலகலக்கும் இக்கரைகள் குளிர்காலத்தில் அடங்கிவிடும். 'பீஸ்' எனப்படும் வடகிழக்குக் காற்று வீசத் தொடங்கினால் வெளியே நிற்க முடியாது. 2005 ஜனவரியிலும் 2012 பெப்ரவரியிலும் வெர்சுவா என்ற ஊரில் வாவியின் அலைச்சாரல் பட்ட இடத்திலேயே உறைந்தது. கரையோரம் நிறுத்தியிருந்த வாகனங்களும் மரங்களும் பனிக்கட்டிக்குள் புதைந்து கிடந்தன. படகுகள் பலவற்றைக் கரையேற்றி மூடி வைத்துவிட்டு, கிழிந்த பாயைத் தைப்பதும் தேய்ந்த கயிற்றை மாற்றுவதுமாக மக்கள் இருக்கும் காலம் இது.

பெருங்கடல் ஓடியவர்கள் ஊர் திரும்பி, தம் கழகத்தாரோடு அமர்ந்து பேசுவதற்கும் இதுவே தோதான காலம். காரணம் எளிது. 'வாந்தே குளோப்' என்ற உலகம் சுற்றும் போட்டி நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பிரான்சின் மேற்குக் கரையில் நவம்பரில் ஆரம்பமாகும். தன்னந்தனியாக, எங்கும் தரிக்காமல், எவர் உதவியும் பெறாமல் சுற்றி முடித்தவர்கள் வந்து சேர்வது பெரும்பாலும் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில்தான்.

அந்த வெர்சுவாவின் கழகத்தில் பழகியவர்தான் ஜஸ்டின் மெத்ரோ என்ற பெண்மணி. 1986இல் பிறந்த இவரின் உடன்பிறந்தோரிலும் படகோட்டிகள் உண்டு. 2024 நவம்பர் 10ஆம் திகதி புறப்பட்ட 40 பேரில் பெண்கள் ஆறு பேர். மெத்ரோ 76 நாள், 1 மணித்தியாலம், 36 நிமிடத்தில் எட்டாவதாகக் கரை சேர்ந்தார். பெண்களில் அவரே முதல்வர். அதற்கு முன் இப்போட்டியில் ஒரு பெண்ணின் மிகக் குறைந்த நேரம் 87 நாளாக இருந்தது.

இத்தகைய ஒருவர் முன்னால் அமர்ந்தால் நீங்கள் என்ன கேட்பீர்கள்? எப்போது தூங்கினீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்றுதானே! தூக்கம் இருபது, நாற்பது நிமிடத் துண்டுகளாகத்தான் கிடைக்கும். அவ்வேளையில் தானியங்கிக் கருவி சுக்கான் பிடிக்கும். உப்புநீரை நன்னீராக்கும் சிறு பொறி ஒன்று படகில் இருக்கும். உலர்த்திய உணவில் வெந்நீர் ஊற்றினால் சாப்பாடு தயார். பதினெட்டு மீற்றர் நீளப் படகில் பாய் ஏற்றுவதும், சமைப்பதும், பழுது பார்ப்பதும் ஒருவர் பொறுப்பு.

சரி, சின்ன வாவி இதற்கு எப்படிப் பயிற்சியாகும்? மலைகளுக்கிடையே காற்று நிலையாக நிற்காது. ஒரு கணம் ஓய்ந்து, மறு கணம் வேறு திசையில் எழும். நீரின் மேல் படரும் கருமையான சிற்றலையைப் பார்த்தே காற்று வருவதை அறிய வேண்டும். அற்பக் காற்றையும் வீணாக்காமல் பாயில் பிடிக்க வேண்டும். சிறு வயதில் படிந்த இந்தக் கண்பழக்கம் கடலிலும் கைகொடுக்கிறது.

இன்னொரு செய்தியும் உண்டு. அதே வாவிக்கரையில் பிறந்த பெர்னார் ஸ்தாம் மரம் வெட்டும் தொழில் செய்தவர். பிரான்சின் பிரித்தானி பிரதேசத்தில் ஊர்மக்கள் தோள்கொடுக்க, தன் படகைத் தானே கட்டினார். அதே படகில் பின்னொரு காலம் ஜெனீவாவைச் சேர்ந்த அலன் ரூரா என்ற இளைஞர் 2016-17 வாந்தே குளோப்பில் ஓடினார். அப்போது வயது 23. போட்டியாளர்களில் இளையவர் அவரே. தென்கடலில் ஏதோ மோதி ஒரு சுக்கான் உடைந்தபோது, கொந்தளிப்பின் நடுவே தனியாளாக மாற்றுச் சுக்கானைப் பொருத்தினார். 105 நாளில் பன்னிரண்டாவதாக வந்து சேர்ந்தார். ஒருவர் வியர்வையில் உருவான படகு அடுத்த தலைமுறைப் பிள்ளையைச் சுமந்தது.

சகோதரிகளே! பிள்ளையைத் தனியே அனுப்பும் தாயின் நெஞ்சு எப்படிப் பதைக்கும் என்பதை உங்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டை விட்டுத் தூரத்துக்குப் படிக்கப் போகவேண்டும் என்று ஒரு மகள் கேட்கும்போது அந்தப் பயம் நமக்கும் வரும். அது நியாயமானதே. ஆனால் அந்த நாள் வரும்வரை காத்திருந்து பயப்படுவதைவிட, வாவிக்கரைப் பெற்றோர் செய்வதை நாமும் செய்யலாம். அவர்கள் கரையிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில், சிறு படகில், பிள்ளையின் கையிலேயே சுக்கானைக் கொடுக்கிறார்கள். வீட்டுக் கணக்கை எழுதுவது, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, கடைக்குப் போய்ச் சரியாக வாங்கி வருவது எல்லாம் நம் வீட்டுச் சின்ன வாவிகள். தவறினால் திருத்த நாம் பக்கத்தில் இருக்கிறோம். அந்த வாய்ப்பு இருக்கும்போதே சுக்கானை அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள்.