கால் போனால் கால் முளைக்கும் பிராணி! அதன் தொட்டிக்கு எந்த பில்டர் வாங்கலாம்?

கால் துண்டாகிப் போனால் புதுக் கால் முளைக்கும். வால் போனால் வால் வளரும். இது பாட்டி சொன்ன கதை அல்ல. மெக்சிகோ நாட்டுப் பிராணியான "ஆக்சலாட்டல்" பற்றிய உண்மை!

பார்த்தால் மீன் போல இருக்கும். பல்லி போலவும் இருக்கும். இரண்டும் அல்ல. தவளைக்குத் தூரத்து உறவு. தலையின் இரு பக்கமும் மும்மூன்று செவுள்கள், இறகு போல விரிந்து நிற்கும். ஆயுள் முழுவதும் தண்ணீரிலேயே இருக்கும்.

மெக்சிகோ நகரின் அருகே உள்ள சோச்சிமில்கோ ஏரிதான் இதன் சொந்த ஊர். 1998-ம் ஆண்டில் அங்கே ஒரு சதுர கிலோ மீட்டருக்கு சுமார் 6 ஆயிரம் இருந்தன. 2014-ல் எண்ணியபோது சுமார் 36 தான்!

ஆனால் வீட்டுத் தொட்டிகளில் இது உலகம் எங்கும் வளர்கிறது. "மைன்கிராப்ட்" என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் 2021-ல் இது இடம் பெற்றது. அதில் இருந்து பிள்ளைகளுக்கு இதன் மேல் தனி ஆசை.

புதுவாயலில் வளருமா?

சென்னையில் இருந்து கல்கத்தா செல்லும் சாலையில் உள்ளது புதுவாயல். அங்கே தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தகப்பனாரிடம் மகன் இந்தப் பிராணியைக் கேட்டு அடம் பிடிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வண்ண மீனுக்குப் பேர்போன கொளத்தூர் கடைகளுக்குப் போனால் விதவிதமான பில்டர்கள் இருக்கும். எதை வாங்குவது?

விலை உயர்ந்த, வேகமான பில்டரே நல்லது என்று தோன்றும். இந்தப் பிராணிக்கு அது ஆகாது! இது ஓடாத நீரில் வாழ்ந்த ஜீவன். தண்ணீர் வேகமாகப் பாய்ந்தால் இரை எடுக்காது. செவுளும் வாடிப்போகும்.

ஏற்றது, பஞ்சு பில்டர். ஒரு பஞ்சு உருண்டை, ஒரு குழாய், வெளியே ஒரு சிறு காற்று பம்ப். அவ்வளவுதான். விலையும் குறைவு. தண்ணீருக்குள் மோட்டார் இல்லாததால் அதன் சூடு தொட்டியில் ஏறாது. நம் ஊர் வெயிலுக்கு இது பெரிய லாபம்.

கண்ணுக்குத் தெரியாத வேலைக்காரர்கள்

பில்டர் என்றால் அழுக்கை வடிகட்டும் சாதனம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதன் முக்கிய வேலை வேறு.

பிராணியின் கழிவில் இருந்து அமோனியா என்ற விஷம் உண்டாகிறது. பஞ்சில் குடியேறும் நல்ல கிருமிகள் அதை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷமே. வேறு கிருமிகள் அதை நைட்ரேட் ஆக்கும். இதில் ஆபத்து குறைவு. வாரம் ஒரு முறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும்.

இந்தக் கிருமிகள் பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். ஆகவே முதலில் பில்டரை ஓட்டுங்கள். கிருமிக்கு உணவாகத் தினம் ஒரு துளி மீன் தீனி போடுங்கள். அமோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று சோதனைக் குப்பியில் தெரிந்த பிறகு பிராணியை விடுங்கள். ஒரே நாளில் தொட்டியும் பிராணியும் வாங்கி வந்தால், அது விஷத்தில் விட்டதற்குச் சமம்.

பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். கிருமி செத்துவிடும். தொட்டியில் இருந்து எடுத்த நீரில் பிழிந்தால் போதும்.

வெயில் என்ற எமன்

எந்த பில்டரும் தண்ணீரைக் குளிர வைக்காது. இதற்குத் தேவை 16 முதல் 18 டிகிரி. 24-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நம் பக்கத்தில் மே மாத வெயில் 40 டிகிரியைத் தொடும்! மின்விசிறி இரண்டு மூன்று டிகிரிதான் குறைக்கும். ஐஸ் பாட்டில் சில மணி நேரம் தாங்கும். தண்ணீரைக் குளிர்விக்கும் "சில்லர்" எந்திரம் வேண்டும். அதன் விலை தொட்டி, பில்டர் இரண்டையும் சேர்த்ததைவிடப் பல மடங்கு. அதற்கு வசதி இல்லை என்றால் மகனுக்கு கப்பி மீன் வாங்கிக் கொடுங்கள். அதற்கும் இதே பஞ்சு பில்டர் போதும்!

சட்டமும் உண்டு. 2024-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, இதை வளர்ப்பவர்கள் "பரிவேஷ்" இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கடைக்காரரிடம் ரசீது கேட்டு வாங்குங்கள்.

மின்சாரம் போனால் காற்று பம்பும் நின்றுவிடும். பல மணி நேரம் காற்று இல்லாவிட்டால் பஞ்சில் உள்ள கிருமிகள் மடியும். பேட்டரியில் ஓடும் பம்ப் ஒன்றையும் சேர்த்து வாங்கி வைத்துவிடுங்கள்.