குறட்டை நிற்கும் நேரம்தான் ஆபத்து

'அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறார்' என்று வீட்டில் சொல்வார்கள். குறட்டைச் சத்தம் அடுத்த அறை வரை கேட்கும். அதை நல்ல தூக்கத்தின் அடையாளமாக நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தச் சத்தம் திடீரென்று நின்று, பத்து இருபது விநாடி கழித்து ஒரு திணறலோடு மறுபடி தொடங்கினால் கவனியுங்கள். இடைப்பட்ட நேரத்தில் அவர் மூச்சே விடவில்லை. தூக்கத்தில் வரும் இந்த மூச்சடைப்பைத்தான் மருத்துவர்கள் 'ஸ்லீப் ஆப்னியா' என்கிறார்கள்.

விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் விறைப்பாக நின்று மூச்சுப்பாதையைத் திறந்து வைத்திருக்கின்றன. தூங்கியதும் தளர்ந்துவிடும். கழுத்தில் கொழுப்பு சேர்ந்தவர்களுக்கும், கீழ்த்தாடை உள்வாங்கியவர்களுக்கும், டான்சில் பெருத்தவர்களுக்கும் அந்தப் பாதை ஏற்கெனவே குறுகல். நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து வழியை அடைத்துக்கொள்ளும். நெஞ்சும் வயிறும் மூச்சிழுக்க மல்லுக்கட்டும். காற்று உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கத் தொடங்கியதும் மூளை பதறி, ஓரிரு நொடி விழிப்பைக் கொண்டுவரும். தொண்டை திறக்கும், மூச்சு பாயும், மறுபடி தூக்கம். காலையில் எதுவும் நினைவிருக்காது. 'எனக்கா? நான் நல்லாத்தானே தூங்குறேன்' என்று அவர் சொல்வது பொய்யில்லை. இந்த நோயின் முதல் சாட்சி பக்கத்தில் படுத்திருப்பவர்தான்.

குறைந்தது 10 விநாடி மூச்சு நிற்பதையும், வெகுவாகக் குறைவதையும் ஒரு தடவை என்று கணக்கிடுகிறார்கள். பெரியவர்களுக்கு மணிக்கு 5க்குக் கீழ் என்றால் கவலையில்லை. 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். மணிக்கு 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை. ஏழு மணி நேரத் தூக்கத்தில் 200 தடவைக்கு மேல்.

ஒவ்வொரு தடவையும் ரத்த அழுத்தம் எகிறுகிறது, இதயம் அடி வாங்குகிறது. மூன்று மாத்திரை போட்டும் பிரஷர் அடங்காதவர்களில் பலருக்கு இந்தக் கோளாறு இருக்கும். இதயத் துடிப்பு தாறுமாறாவது, பக்கவாதம், சர்க்கரை நோய் ஆகியவற்றோடும் இதற்குத் தொடர்பு உண்டு. காலைத் தலைவலி, வாய் உலர்வது, இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவது எல்லாம் அறிகுறிகள். கடைசியாகச் சொன்னதைச் சர்க்கரை அல்லது புராஸ்டேட் கோளாறு என்று மட்டும் நினைத்து ஆண்டுக்கணக்கில் அலைபவர்கள் உண்டு. 2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி 69 வயதில் மறைந்தபோது, மும்பை மருத்துவர்கள் இந்த நோயைக் காரணமாகக் குறிப்பிட்டார்கள்.

பகலில் கண் செருகுவது இன்னொரு ஆபத்து. 2013 டிசம்பர் 1, ஞாயிறு காலை. நியூயார்க்கில் 30 மைல் வேகத்தில் கடக்க வேண்டிய வளைவில் ஒரு பயணிகள் ரயில் 82 மைல் வேகத்தில் வந்து தடம் புரண்டது. நான்கு பேர் இறந்தார்கள். ஓட்டுநருக்குத் தீவிர ஸ்லீப் ஆப்னியா இருந்தது பிறகுதான் தெரிந்தது. அதுவரை யாரும் சோதித்ததில்லை. இரவெல்லாம் பேருந்தும் லாரியும் ஓட்டுபவர்களுக்குக் கண் பரிசோதனை போல இந்தப் பரிசோதனையும் கட்டாயமாக வேண்டும் என்பேன்.

ஒரு காலத்தில், தீவிர நோயாளிகளுக்குக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பதுதான் பெரிய சிகிச்சை. 1980இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில், அதற்கு மறுத்த ஒரு கட்டடத் தொழிலாளிக்கு டாக்டர் காலின் சல்லிவன் வேறொன்றைச் செய்து பார்த்தார். காற்றூதும் மோட்டாரை ஒரு குழாயில் இணைத்து, மூக்கில் மாஸ்க் ஒட்டினார். அழுத்தத்தைக் கூட்டியதும் குறட்டை நின்றது, மூச்சு சீரானது. குறைத்ததும் பழையபடி அடைத்துக்கொண்டது. அன்றிரவு அந்த மனிதர் மணிக்கணக்கில் அசந்து தூங்கினார். ஐந்து நோயாளிகளிடம் கண்ட பலனை 1981இல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது. இன்றைய 'சிபாப்' கருவி பிறந்தது இப்படித்தான்.

இதை ஆக்சிஜன் மெஷின் என்று எண்ணிப் பயப்படுகிறார்கள். அறையிலுள்ள சாதாரணக் காற்றைத்தான் அது ஊதுகிறது. காற்றடித்த சைக்கிள் டியூப் ஒட்டிக்கொள்ளாமல் நிற்பதுபோல, அந்த அழுத்தத்தில் தொண்டை திறந்தே இருக்கும். முதல் சில வாரங்கள் சிரமம்தான். மூக்கு உலரும், மாஸ்க் உறுத்தும், கூச்சமாகவும் இருக்கும். சரியான அளவு மாஸ்க்கும் ஈரப்பதக் கருவியும் பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இதயநோய், பக்கவாதம் உள்ள 2,700க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து, 2016இல் வெளியான ஆய்வில், சிபாப் மாரடைப்பையோ பக்கவாதத்தையோ குறைத்ததாகத் தெரியவில்லை. ஆனால், அவர்கள் சராசரியாக ஓர் இரவில் மூன்றேகால் மணி நேரம்தான் மாட்டியிருந்தார்கள். அவர்களுக்குமே பகல் தூக்கம் குறைந்தது, மனநிலை தேறியது. மாட்டிய நேரத்துக்குத்தான் பலன்.

எடை குறைத்தால் பலருக்கு நோயின் கடுமை தணியும். உடல் பருமனோடு இந்த நோயும் உள்ளவர்களுக்கு 'டிர்செபடைடு' ஊசியை 2024 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. லேசான, நடுத்தர நிலையில் தாடையை முன்தள்ளிப் பிடிக்கும் பல் கருவி உதவும். ஒருக்களித்துப் படுப்பதும் சிலருக்குப் போதும். மதுவும் தூக்க மாத்திரையும் நிலைமையைக் கெடுக்கும்.

ஒல்லியானவர்களுக்கு வராது என்பது தவறு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஆபத்து கூடுகிறது. அவர்களிடம் குறட்டையைவிடச் சோர்வும் தூக்கமின்மையும் முன்னால் தெரிவதால் மனச்சோர்வு என்றே வைத்தியம் நடக்கிறது. வாயால் மூச்சுவிட்டுத் தூங்கி, பகலில் துறுதுறுவென்று அலையும் குழந்தைக்கு டான்சிலும் அடினாய்டும் காரணமாக இருக்கலாம். அவற்றை அகற்றினால் பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடுகிறார்கள்.

சந்தேகம் இருந்தால் நுரையீரல் மருத்துவரையோ காது, மூக்கு, தொண்டை மருத்துவரையோ பாருங்கள். துணைவரையும் கூட்டிப் போங்கள். மூச்சு நிற்பதைக் கைபேசியில் பதிவு செய்து காட்டுங்கள். ஓர் இரவு உடம்பில் சென்சார்கள் ஒட்டி எடுக்கும் 'ஸ்லீப் ஸ்டடி' நோயை உறுதிப்படுத்தும். பலருக்கு வீட்டிலேயே எடுக்கலாம். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால், மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மயக்க மருந்தும் வலி மருந்தும் தொண்டையை மேலும் தளர்த்தும். சிபாப் இருந்தால் அதையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.