கப்பல் காத்திருக்காது கண்ணா!

நம்ம ஊரில் ரொம்ப காலமாகக் கப்பலேறியது மானம் ஒன்றுதான். இப்போது மனுஷர்களும் ஏற ஆரம்பித்துவிட்டார்கள். தேனிலவு ஜோடிகள் ஏறுகிறார்கள். கம்பெனி டார்கெட்டை முடித்த டீலர்கள் ஏறுகிறார்கள். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு, 'பாவம், ரெண்டு பேரும் எதையுமே பார்த்ததில்லை' என்று அப்பா, அம்மாவைப் பிள்ளைகள் ஏற்றிவிடுகிறார்கள்.

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே ஒரு சொகுசுக் கப்பல் கிளம்பியது. அந்த மாதிரி அமைந்தால் பிரச்னையே இல்லை. ஆட்டோ பிடித்தால் போதும். (ஆட்டோவுக்குப் பேரம் பேசுவது தனிக் கட்டுரை!) ஆனால் நம்மவர்கள் பலர் ஏறுவது சிங்கப்பூரில். அங்கே ஏறி, பினாங்கு, ஃபூக்கெட் என்று சுற்றிவிட்டு மறுபடி சிங்கப்பூரிலேயே இறங்குகிற கப்பல்கள். கப்பல் அங்கே, நாம் இங்கே. நடுவில் ஒரு ஃப்ளைட்.

அந்த ஃப்ளைட் டிக்கெட்டை யார் போடுவது? நாமேவா, கப்பல் கம்பெனியா?

அம்பத்தூரில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிற நண்பர் ஒருவர் போன வாரம் இதைத்தான் கேட்டார். அப்பா, அம்மா, மனைவி, அவர் என்று நாலு பேர்.

"நானே போட்டா இருபதாயிரம் மிச்சம் சார். அப்புறம் எதுக்குக் கப்பல்காரன்கிட்ட போகணும்?"

"ஃப்ளைட் லேட்டானா?"

"லேட்டாகாது சார். நல்ல ஏர்லைன்ஸ்!"

இப்படி நம்பிக்கையோடு பேசுகிறவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே! பி.காம். படித்தவன் கை சும்மா இருக்குமா? ஒரு பேப்பரை எடுத்து உட்கார்ந்தோம்.

உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேருக்குக் கப்பல் கட்டணம் 2,00,000 ரூபாய். நாமே போட்டால் விமான டிக்கெட் 1,00,000. கப்பல் கம்பெனி மூலம் போட்டால் 1,20,000. வித்தியாசம் 20,000. எல்லோரும் இந்த இடத்தோடு கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். மிச்சமாகிற இருபதாயிரம் கண்ணுக்குத் தெரிகிறது. அதற்குப் பின்னால் நிற்கிற ரெண்டு லட்சம் தெரிவதில்லை.

கப்பல் என்பது நம்ம ஊர் டவுன் பஸ் இல்லை. ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துத் தொத்திக்கொள்ள முடியாது. அடுத்த துறைமுகத்தில் அதற்கென்று இடமும் நேரமும் குறித்து வைத்திருப்பார்கள். அதனால் கிளம்புகிற நேரத்துக்கு ஒரு மணி, ஒன்றரை மணி முன்னாலேயே செக்-இன் கவுண்ட்டரை மூடிவிடுவார்கள். 'சார், அஞ்சே நிமிஷம் சார்' என்ற நம்ம தேசிய மந்திரம் அங்கே பலிக்காது.

2024 மார்ச் மாதக் கதை இது. நார்வீஜியன் டான் என்ற கப்பல் ஆப்பிரிக்கா பக்கம் சாவோ டோமே தீவில் நின்றது. எட்டுப் பயணிகள் தனியாக ஒரு டூர் ஏற்பாடு செய்துகொண்டு ஊர் சுற்றப் போனார்கள். திரும்பி வருவதில் தாமதம். கப்பல் கண்ணெதிரே நிற்கிறது. ஆனால் ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் வயதானவர்களும் இருந்தார்கள், ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் இருந்தார். ஆறேழு நாள், நாடு நாடாகக் கப்பலைத் துரத்தினார்கள். காம்பியாவில் பிடித்துவிடலாம் என்று போனால், கப்பல் அங்கே நிற்க முடியாமல் போய்விட்டது. கடைசியில் செனகல் நாட்டு டக்காரில் போய்ப் பிடித்தார்கள். எட்டுப் பேரை விட்டுவிட்டுப் போன கப்பல், மீனம்பாக்கத்தில் மாட்டிக்கொண்ட நாலு பேருக்காகவா நிற்கப் போகிறது?

மீனம்பாக்கத்தில் என்ன ஆகிவிடும் என்கிறீர்களா? 2015 டிசம்பர் வெள்ளத்தில் நம்ம விமான நிலையம் நாள் கணக்கில் மூடிக்கிடந்தது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல். ஓடுபாதையில் தண்ணீர், விமான நிலையம் மூடல். 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். மறுபடி மூடல். நாம் 'வருஷக் கடைசி லீவு இருக்கு, போய்ட்டு வந்துடலாம்' என்று கிளம்புகிற அதே மாதங்களில்தான் வங்காள விரிகுடாவும் கிளம்புகிறது!

அப்படி ஃப்ளைட் ரத்தானால் யார் என்ன தருவார்கள்? ஏர்லைன்ஸ் டிக்கெட் பணத்தைத் திருப்பித் தரும், அல்லது வேறு ஃப்ளைட் தரும். அவ்வளவுதான். 'என் கப்பல் போச்சே' என்றால், 'எந்தக் கப்பல்?' என்று கேட்பார்கள். கப்பல் கம்பெனியோ, 'நீங்கள் வராதது உங்கள் பிரச்னை' என்று கணக்கை மூடிவிடும். ரெண்டு பேருக்கும் நடுவில் நிற்பது நம்ம அப்பா, அம்மா, நாலு பெட்டி.

அப்படியானால் கப்பல் கம்பெனி மூலமே டிக்கெட் போட்டுவிடலாமா? ராயல் கரீபியன் 'ஏர் டு ஸீ' என்றும், பிரின்சஸ் 'ஈஸி ஏர்' என்றும் பெயர் வைத்து விமான டிக்கெட் விற்கிறார்கள். இதில் முக்கியமான லாபம், ஃப்ளைட் லேட்டானால் அது அவர்கள் தலைவலியும் ஆகிறது. வேறு விமானம் பார்ப்பார்கள். முடியாவிட்டால் அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க முயற்சி செய்வார்கள். ஆனால் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அவர்கள் டிக்கெட்டில் வந்தாலும் கப்பல் காத்திருக்கும் என்று அர்த்தம் இல்லை. 'சேர்த்துவிடுகிறோம்' வேறு, 'நிறுத்திவைக்கிறோம்' வேறு. ஒரே ஃப்ளைட்டில் நிறையப் பேர் வந்தால் கப்பல் கொஞ்சம் பொறுக்கலாம். அது அவர்கள் இஷ்டம், நம்ம உரிமை இல்லை.

அடுத்த துறைமுகத்தில் போய் ஏறுவதும் லேசில்லை. அந்த நாட்டுக்குள் நுழைய விசா விதி என்ன என்று பார்க்க வேண்டும். கப்பல் கம்பெனி சம்மதிக்க வேண்டும். அமெரிக்காவில் இன்னும் வேடிக்கை. 1886-ல் போட்ட ஒரு சட்டம். அதன்படி, வெளிநாட்டுக் கொடி கட்டிய கப்பல் ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஆளை ஏற்றி, தூரத்து வெளிநாட்டுத் துறைமுகம் எதையும் தொடாமல், வேறொரு அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கக் கூடாது. சியாட்டிலில் ஏறி அலாஸ்கா பார்த்துவிட்டு சியாட்டிலிலேயே இறங்க வேண்டிய ஆள், கப்பலை விட்டுவிட்டு அலாஸ்காவில் போய் ஏறப் பார்த்தால், அந்தச் சட்டம் குறுக்கே வந்து நிற்கும்.

நம்ம ஊரில் இன்னொரு குழப்பமும் உண்டு. "எல்லாம் பேக்கேஜ்ல வருது சார்" என்பார் டிராவல் ஏஜெண்ட். யாருடைய பேக்கேஜ்? கப்பல் கம்பெனி போட்ட டிக்கெட்டா, ஏஜெண்ட்டே வெளியில் வாங்கிச் சேர்த்த டிக்கெட்டா? ரெண்டாவது என்றால், கப்பல் கம்பெனிக்கும் அந்த ஃப்ளைட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. காசும் கூடக் கொடுத்து, காப்பும் இல்லாத கதை. 'ஃப்ளைட் லேட்டானால் பொறுப்பு யாருடையது?' என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் வரி. வெளிநாட்டு டூர் பேக்கேஜ் என்றால் டி.சி.எஸ். பிடிப்பார்கள். விமான டிக்கெட்டை மட்டும் தனியாக வாங்கினால் அது கிடையாது. பிடித்த பணத்தை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அதுவரை அது நம் பாக்கெட்டில் இல்லை.

நண்பர் பொறுமை இழந்தார். "சார், இருபதாயிரத்துக்காக ரெண்டு லட்சம் போகணும்னா, நூறுல பத்துத் தடவை கப்பலை விடணும். அவ்வளவு மோசமாவா ஃப்ளைட் ஓடுது?"

சரியான கணக்கு. ஆனால் சராசரி என்பது நூறு தடவை போகிறவனுக்கு. நண்பருடைய அப்பா போகப்போவது ஒரே ஒரு தடவை. அந்த ஒரு தடவை தவறினால், 'மிச்சம் தொண்ணூற்றொன்பது பேர் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தார்கள்' என்று சொல்லி அவரைச் சமாதானப்படுத்த முடியுமா?

அதனால் மூன்றாவதாக ஒரு வழி. ஒரு நாள் முன்னாலேயே போய்விடுவது!

அதே உதாரணம். நாமே போட்ட டிக்கெட் 1,00,000. சிங்கப்பூரில் ஒரு ராத்திரி, ரெண்டு ரூம், 16,000 என்று வையுங்கள். மொத்தம் 1,16,000. கப்பல் கம்பெனி சொன்னதைவிட நாலாயிரம் குறைவு. கையில் ஒரு முழு நாள் அவகாசம். ஃப்ளைட் ஆறு மணி நேரம் லேட்டானாலும் அம்மா நிம்மதியாகத் தூங்கலாம். நேரத்துக்குப் போய்விட்டால் லிட்டில் இந்தியாவில் இட்லி! சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

ஆகவே, சென்னை - சிங்கப்பூர் மாதிரி நேர் விமானங்கள் இருக்கிற இடத்துக்கு நாமே போடுவது நல்லது. ஒரே நிபந்தனை, ஒரு நாள் முன்னால். புயல் மாதம் என்றால் ரெண்டு நாள்.

தூரத்துப் பயணம், ரெண்டு இடத்தில் விமானம் மாறணும், பார்சிலோனாவில் ஏறி ரோமில் இறங்கணும் என்றெல்லாம் வந்தால் கப்பல் கம்பெனியின் விலையையும் கேட்டுப் பாருங்கள். உங்கள் ஊரிலிருந்து தருவார்களா, ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள், எந்த ஃப்ளைட் என்று எப்போது சொல்வார்கள், மூன்றையும் விசாரியுங்கள். அப்போதும் ஒரு நாள் முன்னால் போகிற விதி மாறாது.

நாமே போடும்போது கவனிக்க வேண்டியவை:

* சென்னை - மும்பை ஒரு டிக்கெட், மும்பை - ஐரோப்பா வேறு டிக்கெட் என்று பிரித்து வாங்காதீர்கள். முதல் ஃப்ளைட் லேட் என்றால் ரெண்டாவது ஏர்லைன்ஸ் கை விரிக்கும். ஒரே பி.என்.ஆரில் இருக்கட்டும்.

* இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது, ஃப்ளைட் தாமதத்தால் கப்பலை விட்டால் பணம் வருமா, எத்தனை மணி தாமதத்துக்கு வரும் என்று பாலிசியில் படியுங்கள். ஏஜெண்ட் வாயிலிருந்து கேட்காதீர்கள்.

* திரும்பும்போது கப்பல் காலையில்தான் வந்து சேரும். இமிக்ரேஷன், பெட்டி, டாக்ஸி எல்லாம் இருக்கிறது. மத்தியானத்துக்கு முன்னால் ஃப்ளைட் போடாதீர்கள்.

'கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே' என்று பெரியவர்கள் சொன்னார்கள். கவிழாமல், விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு, பாட்டும் கூத்துமாக நம் கண்ணெதிரே கிளம்பிப் போகிற கப்பலுக்கு அவர்கள் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. அதற்கு நாமே ஒரு பழமொழி போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஒரு நாள் முன்னாடி கிளம்புங்க சார்!