மூளைக்கும் உழவு வேணும்

"வயலைப் பையன்கிட்ட ஒப்படைச்சாச்சு, இனி நமக்கென்ன வேலை" என்று திண்ணையில் உட்கார்ந்துவிடும் பெரியவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. கொஞ்ச நாளில் பேச்சு குறையும், பேர் மறக்கும். "வயசாச்சுல்ல" என்று நாமும் விட்டுவிடுகிறோம். வயசும் காரணம்தான். ஆனால் கை காலை அசைக்காமல் விட்டதற்கும் இதில் பங்கு உண்டு.

மூளைக்கு என்ன தீனி?

நம்ம உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் சும்மா இருக்கும்போதுகூட உடம்பு செலவழிக்கிற சக்தியில் சுமார் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்ளும். அதன் முக்கியத் தீனி குளுக்கோஸ். குதிரில் நெல் கொட்டி வைப்பதுபோல மூளையால் பெரிதாகச் சேமிக்க முடியாது. ரத்தம் கொண்டுவருவதை அப்போதைக்கப்போது எரித்துக்கொள்ளும். அதனால் ரத்தக்குழாய் என்கிற வாய்க்கால் தூர்ந்துபோகாமல் இருக்கணும். அதற்கு உடல் அசைவு அவசியம்.

கழிவு இல்லை, உணவு

வேகமாக மண்வெட்டி போடும்போது தசையில் லாக்டேட் என்ற பொருள் அதிகமாக உண்டாகுது. வெகுகாலம் இதை வெறும் கழிவு என்றே சொல்லிவந்தார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜார்ஜ் புரூக்ஸ், 1980களிலிருந்து இதை மாற்றிப் பேசினார். தசையில் உண்டாகும் லாக்டேட்டை இதயமும் மூளையும் எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன என்பது இன்று ஏற்கப்பட்ட உண்மை. சாணத்தைக் கழிவு என்று ஒதுக்காத நமக்கு இது புதுசா என்ன?

உழைக்கும்போது பி.டி.என்.எஃப். என்ற புரதமும் மூளையில் கூடுது. நரம்பு செல்கள் பிழைத்திருக்கவும் புது இணைப்புகள் விடவும் இது உதவும். பயிருக்குப் பஞ்சகவ்யா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நடந்தவர்களும் நடக்காதவர்களும்

2011இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு. 55 முதல் 80 வயதுவரை உள்ள 120 பேர். ஒரு பகுதியினர் வாரம் 3 நாள், 40 நிமிடம் வேகமாக நடந்தார்கள். மற்றவர்கள் கை கால் நீட்டும் லேசான பயிற்சிகள் மட்டும் செய்தார்கள். ஒரு வருஷம் கழித்து, நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியை அளந்தார்கள். நடந்தவர்களுக்கு அது சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது. மற்றவர்களுக்கு 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது.

சர்க்கரை நோயையும் இதோடு சேர்த்துப் பார்க்கணும். அது மறதி நோய்க்கான வாய்ப்பைக் கூட்டும். வேலை செய்யும் தசையோ, இன்சுலின் குறைவாக இருந்தாலும் ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். நடந்தால் மறதி நோய் வரவே வராது என்று யாரும் உறுதி தர முடியாது. வாய்ப்பு குறையும், அவ்வளவுதான். அதுவே பெரிய லாபம்.

எவ்வளவு, எப்படி?

வாரம் 150 நிமிடமாவது மிதமான உழைப்பு வேணும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பேச முடியணும், ஆனால் பாட்டுப் பாட மூச்சு வரக்கூடாது. அந்த வேகம் போதும். களைக்கருவி தள்ளுவது, பாத்தி கொத்துவது, வேகமாக வயலைச் சுற்றி வருவது எல்லாமே கணக்கில் சேரும். டிராக்டரிலும் பைக்கிலும் உட்கார்ந்து போவது சேராது.

அதுக்காக இடுப்பொடிய உழைப்பதும் மருந்து ஆகாது. வெயிலில், தண்ணீர் குடிக்காமல், தூக்கமில்லாமல் செய்யும் வேலை உடம்பைத் தேய்க்கத்தான் செய்யும். வயலிலும் வீட்டிலும் ஓயாமல் நிற்கும் நம்ம வீட்டுப் பெண்களுக்கு இன்னும் கொஞ்சம் வேலை வேண்டாம், நல்ல தூக்கம்தான் வேணும். நெஞ்சுவலி, மூட்டுவலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு மெதுவாகத் தொடங்குங்கள்.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிலத்தைப் பிள்ளைகளிடம் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் நாலு காய்கறிப் பாத்தியையும் காலை நேர வரப்பு நடையையும் உங்கள் பேரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எந்த விதையை எங்கே ஊன்றினோம் என்ற கணக்கும் உங்களிடமே இருக்கட்டும். பிள்ளைகளே, "நீங்க உட்காருங்கப்பா" என்று அந்த மண்வெட்டியைப் பாசத்தில் பிடுங்கிவிடாதீர்கள்.