யாரிடம் முதலில் சொல்வது?

கர்நாடகத்தில் பாரத ஸ்வமுக்தி சம்ஸ்தே என்ற நுண்கடன் நிறுவனத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. புதிய கிராமத்துக்குள் நுழையும்போது சுவரொட்டி ஒட்டுவதில்லை. ஆட்டோவில் மைக் கட்டிச் சுற்றுவதும் இல்லை. பள்ளி ஆசிரியர், சுய உதவிக் குழுத் தலைவி, கடைக்காரர் என ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த சிலரை மட்டும் கூப்பிட்டு, பெண்களுக்கான கடன் திட்டத்தை விளக்குவார்கள். "நீங்களே ஊருக்குள் சொல்லிவிடுங்கள்" என்று கேட்டுக்கொள்வார்கள். அதன்பின் செய்தி தானாகப் பரவ வேண்டியதுதான். சில கிராமங்களில் தகுதியுள்ள வீடுகளில் 7 சதவீதம்தான் கடன் வாங்க முன்வந்தன. வேறு சில கிராமங்களில் அது 44 சதவீதம் வரை போனது. நிறுவனமும் ஒன்று, திட்டமும் ஒன்று. பிறகு ஏன் இத்தனை வித்தியாசம்?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்கள் அபிஜித் பானர்ஜி, அருண் சந்திரசேகர், எஸ்தர் டுஃப்லோ, மேத்யூ ஜாக்சன் ஆகிய நான்கு பொருளாதார அறிஞர்கள். இவர்களில் பானர்ஜிக்கும் டுஃப்லோவுக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. நிறுவனம் கிராமங்களுக்குள் போவதற்கு முன்பே, 2006இல், 75 கிராமங்களில் வீடு வீடாகப் போய் அவர்கள் கேட்ட கேள்விகள் மிக எளிமையானவை. அவசரத்துக்கு 50 ரூபாய் யாரிடம் கைமாற்று வாங்குவீர்கள்? அரிசியோ மண்ணெண்ணெயோ தீர்ந்துபோனால் யார் வீட்டுக்குப் போவீர்கள்? கோயிலுக்கு யாரோடு போவீர்கள்? முக்கியமான முடிவென்றால் யாரிடம் யோசனை கேட்பீர்கள்? பதில்களை வைத்து ஒவ்வொரு கிராமத்துக்கும் ஓர் உறவு வரைபடம் தயாரானது. வீடுகள் புள்ளிகள்; கொடுக்கல் வாங்கலும் போக்குவரத்தும் கோடுகள். பின்னர் நிறுவனம் இவற்றில் 43 கிராமங்களுக்குள் நுழைந்தபோது, செய்தி அந்தக் கோடுகளின் வழியே எப்படிப் போயிற்று என்று பார்க்க முடிந்தது.

2013இல் சயின்ஸ் இதழில் வெளியான முடிவுகள் இன்றும் வியக்கவைப்பவை. முதலில் செய்தி கேட்டவர்களுக்கு எத்தனை பேரைத் தெரியும் என்பதை வைத்து, கடன் எவ்வளவு தூரம் பரவும் என்று சொல்ல முடியவில்லை. அவர்களுக்குத் தெரிந்தவர்களுக்கு யார் யாரைத் தெரியும், அவர்களுக்கு மேலும் யாரைத் தெரியும் என்று சங்கிலியாகப் போய்க் கணக்கிட்டபோதுதான் விடை கிடைத்தது. ஒருவருக்கு நூறு பேர் பழக்கமாக இருக்கலாம். அந்த நூறு பேரும் ஒரே தெருவில் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்பவர்கள் என்றால் செய்தி அந்தத் தெருமுனையோடு நின்றுவிடும். இன்னொருவருக்குப் பத்துப் பேர்தான் பழக்கம். ஆனால் ஒவ்வொருவரும் ஊரின் வெவ்வேறு மூலைகளில் முக்கியமானவர்கள் என்றால், செய்தி ஊரையே சுற்றி வந்துவிடும்.

இன்னொரு முடிவும் உண்டு. கடன் வாங்கியவர்கள், வாங்காதவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகச் செய்தியைப் பிறருக்குச் சொன்னார்கள். ஆனால் ஊரில் வாங்காதவர்களே அதிகம் என்பதால், பரவிய செய்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அவர்கள் வழியாகவே போனது. ஒரு வங்கியில் கணக்கே இல்லாத ஒருவர் அந்த வங்கிக்கு வாடிக்கையாளரைச் சேர்த்துத் தருகிறார் என்று இதற்குப் பொருள்.

எல்லா ஊருக்கும் வரைபடம் போட யாரால் முடியும்? அதே ஆய்வாளர்கள் அடுத்துச் செய்தது இன்னும் அழகானது. ஊர்க்காரர்களிடமே நேராகக் கேட்டார்கள்: "ஒரு சேதி ஊர் முழுக்கப் போகணும்னா யாரிடம் சொன்னால் போதும்?" மக்கள் கைகாட்டிய பெயர்களும் வரைபடத்தில் மையத்தில் இருந்த பெயர்களும் பெரிதும் ஒத்துப்போயின. உறவு வரைபடத்தை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் அது எல்லோர் மனதிலும் இருக்கிறது. பிறகு 213 கிராமங்களில் ஒரு பரிசுக் குலுக்கல் செய்தியைச் சிலர் மூலம் பரப்பிப் பார்த்தார்கள். மக்கள் கைகாட்டியவர்களிடம் சொன்ன ஊர்களிலிருந்துதான் குலுக்கலில் சேர அதிக அழைப்புகள் வந்தன. ஊர்ப் பெரியவர்களிடம் சொன்ன ஊர்கள், கண்ணை மூடிக்கொண்டு யாரையோ தேர்ந்தெடுத்த ஊர்களைவிட மேலாக இல்லை. ஹரியானாவில் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்திலும் இதே முறை பலன் தந்தது.

இப்போது கைப்பேசிக்குள் இருக்கும் கிராமத்துக்கு வருவோம். 2016இல் ஃபேஸ்புக் தன் 159 கோடிப் பயனர்களின் தொடர்புகளைக் கணக்கிட்டது. எந்த இருவரையும் இணைக்கும் சங்கிலியில் இடையே நிற்பவர்கள் சராசரியாக நாலு பேர்கூட இல்லை, 3.57 பேர்தான். உலகம் அவ்வளவு சிறியது. ஆனால் படிகள் குறைவு என்பதால் மட்டும் சொல் எடுபட்டுவிடாது. 2010 நவம்பரில் நடந்த அமெரிக்கத் தேர்தல் நாளன்று, 6 கோடிக்கும் மேற்பட்டவர்களின் ஃபேஸ்புக் பக்கத்தில் வாக்களிக்கச் சொல்லும் அறிவிப்பு காட்டப்பட்டது. சிலருக்கு வெறும் அறிவிப்பு. பெரும்பாலோருக்கு, வாக்களித்துவிட்டதாகச் சொன்ன நண்பர்களின் முகங்களும் சேர்ந்து தெரிந்தன. வெறும் அறிவிப்பைப் பார்த்தவர்களிடம் மாற்றமே இல்லை. நண்பர்களின் முகத்தைப் பார்த்தவர்கள் கூடுதலாக வாக்களித்தார்கள். மொத்தத்தில் சுமார் 3,40,000 வாக்குகள் கூடின என்றும், அவற்றில் பெரும்பங்கு நெருங்கிய நண்பர்கள் வழியாகவே வந்தது என்றும் ஆய்வாளர்கள் 2012இல் நேச்சர் இதழில் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

ஒரு வங்கியின் பக்கத்தைப் பத்து லட்சம் பேர் பின்தொடர்வதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று இதன்பின் யோசிக்க வேண்டியிருக்கிறது. தினமும் பண்டிகை வாழ்த்தும் வட்டி விகிதமும் போடும் பக்கம் ஒரு சுவரொட்டிதான். சுய உதவிக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஓர் அக்கா, "நான் இந்த வங்கியில்தான் நகைக்கடன் வாங்கினேன், மறைமுகக் கட்டணம் எதுவும் இல்லை" என்று எழுதும் ஒரு வரிக்கு உள்ள கனம் அதற்கு வராது. காசு கொடுத்து அந்த வரியை எழுதவைக்கவும் முடியாது. நேர்மையான சேவைதான் அதை எழுதவைக்கும்.

நல்ல செய்தி போகும் அதே வழியில்தான் பீதியும் போகிறது. 2001 மார்ச்சில் குஜராத்தின் மாதவ்புரா மெர்க்கன்டைல் கூட்டுறவு வங்கி மோசடியில் சிக்கியது. அதோடு தொடர்பே இல்லாத வேறொரு கூட்டுறவு வங்கியிலும் மக்கள் பணம் எடுக்க ஓடினார்கள். ஓடியவர்கள் யார், நின்றவர்கள் யார் என்று ராஜ்கமல் ஐயர், மஞ்சு பூரி என்ற இரு ஆய்வாளர்கள் அந்த வங்கியின் பதிவேடுகளைக் கொண்டு ஆராய்ந்தார்கள். அப்போதெல்லாம் கணக்குத் தொடங்க, ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து, யார் யாருக்குத் தெரிந்தவர் என்பதற்கு எழுத்துபூர்வமான ஆதாரமாகிவிட்டது. வங்கி தன்னையறியாமலே ஒரு சமூக வலைப்பின்னலைப் பேரேட்டில் எழுதி வைத்திருந்தது! ஒரே அறிமுக வட்டத்தில் மற்றவர்கள் பணத்தை எடுத்திருந்தால், மிஞ்சியவர்களும் எடுக்கும் வாய்ப்பு கூடியது. நீண்ட நாள் கணக்கு வைத்திருந்தவர்களும், அந்த வங்கியிலேயே கடன் வாங்கியிருந்தவர்களும் அவ்வளவாக ஓடவில்லை. பழக்கம் ஒரு காப்பீடு.

22 ஆண்டுகள் கழித்து அதே நாடகம் கைப்பேசி வேகத்தில் நடந்தது. அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி, கடன் பத்திரங்களை விற்றதில் 180 கோடி டாலர் நட்டம் என்று 2023 மார்ச் 8ஆம் தேதி அறிவித்தது. அதன் வாடிக்கையாளர்களில் பெரும்பாலானவை தொழில்நுட்ப நிறுவனங்கள். அவற்றின் முதலாளிகளும் முதலீட்டாளர்களும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், ஒரே குழுக்களில் பேசுபவர்கள். வைப்புத்தொகையில் 90 சதவீதத்துக்கு மேல் காப்பீட்டு வரம்பைத் தாண்டியிருந்தது. மறுநாள் ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வெளியேறியது. அதற்கடுத்த நாளுக்கு இன்னும் 10,000 கோடி டாலர் கேட்டு வரிசை நின்றது. அன்றே வங்கி மூடப்பட்டது. ஒப்பிட்டுப் பார்த்தால், 2008இல் வாஷிங்டன் மியூச்சுவல் வங்கியிலிருந்து சுமார் 1,670 கோடி டாலர் வெளியேறப் பத்து நாட்கள் பிடித்தன. ஒருவரையொருவர் நன்கு அறிந்தவர்களை மட்டுமே வாடிக்கையாளர்களாகச் சேர்ப்பது எவ்வளவு பெரிய அபாயம் என்பதை வங்கித் துறை 2023இல் பார்த்தது.

வதந்தியை எதிர்கொள்ள ஒரே வழி, அது ஊரைச் சுற்றி வருவதற்குள் உண்மையைச் சொல்வது. அதற்கு முதலில் காது வேண்டும். இதில் வங்கிகளுக்கு நல்ல பாடம் சொல்லக்கூடியது அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம். நிலநடுக்கக் கருவிகள் குறைவாக உள்ள இடங்களுக்காக அது ட்விட்டரைக் கவனிக்கத் தொடங்கியது. பல மொழிகளில் நிலநடுக்கம் என்ற சொல் திடீரெனக் குவிகிறதா என்று பார்ப்பதே முறை. உண்மையில் அதிர்வை உணர்ந்தவர்கள் ஏழு சொற்களுக்குள் எழுதினார்கள். இணைப்பு எதுவும் கொடுக்கவில்லை. ரிக்டர் எண் சொல்லவில்லை. நீளமாகவும் எண்ணோடும் வந்தவை பிறர் சொன்னதைத் திருப்பிச் சொன்னவை. இந்த வடிகட்டியோடு, 2014 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் நாபா நிலநடுக்கத்தை 29 வினாடிகளில் அது கண்டுபிடித்தது. ஏடிஎம் பணம் தராதபோதும் யூபிஐ நின்றுபோனபோதும் மக்கள் அப்படித்தான் சுருக்கமாக எழுதுகிறார்கள். "காசு கழிஞ்சிருச்சு, கடைக்குப் போகலை." கிளை மேலாளரின் மேசைக்குப் புகார் வருவதற்கு முன்பே வங்கி கோளாறை அறிந்துகொள்ள இந்த வரி போதும்.

அந்த வரியை வங்கி கவனிக்காவிட்டால் வேறொருவர் கவனிப்பார். வாடிக்கையாளர் வங்கியின் பெயரைக் குறிப்பிட்டுப் புகார் எழுதிய சில நிமிடங்களில், அதே முத்திரையோடு ஒரு பதில் வரும். பெயரில் ஓர் எழுத்துதான் மாறியிருக்கும். "சிரமத்துக்கு வருந்துகிறோம், இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று மரியாதையாகவே இருக்கும். அழைத்தால், உங்கள் திரையைத் தங்களுக்குக் காட்டும் ஒரு செயலியைப் பதிவிறக்கச் சொல்வார்கள். அல்லது பணம் திரும்பி வர ஓடிபி சொல்லுங்கள் என்பார்கள். கோபமும் பதற்றமுமாக இருப்பவர் யோசிக்காமல் செய்துவிடுவார். உண்மையான வங்கி மெதுவாகப் பதில் சொல்லும் ஒவ்வொரு நிமிடமும் மோசடிக்காரருக்குக் கிடைத்த நேரம். ஆகவே வங்கிகள் விளம்பரத்துக்குச் செலவிடுவதில் ஒரு பங்கையாவது, இரவிலும் விடுமுறையிலும் அந்தந்த மொழியில் பதில் சொல்லும் ஆட்களுக்குச் செலவிட வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வங்கியின் பக்கத்தில் புகார் எழுதும்போது கணக்கு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் பொதுவில் போடாதீர்கள். பதிலாக வரும் எண்ணை அழைக்காதீர்கள். உங்கள் டெபிட் அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணை அழையுங்கள். எந்த வங்கியும் ஓடிபி, பின், சிவிவி கேட்காது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழையுங்கள்; எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கி மீட்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. வங்கியைப் பற்றிக் கேள்விப்பட்ட எதையும் குடும்பக் குழுவில் போடுவதற்கு முன் ஒருமுறை சரிபாருங்கள். உங்கள் சொல்லை நம்புகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் அது பரவுகிறது.