முறிந்த என்பும் முடங்கும் மூட்டும்



பள்ளிக்கூடத்திலே நெடுங்காலம் பணியாற்றியவர்களுக்குக் கை முறிந்த பிள்ளைகளைக் காண்பது புதிதன்று. மாங்காய்க் காலம் வந்துவிட்டால், கழுத்திலிருந்து தொங்கும் துணியிலே கையைத் தாங்கியவண்ணம் யாராவது ஒரு மாணாக்கன் வகுப்பில் அமர்ந்திருப்பான். சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு வந்த ஒருவன்பால் நான் காட்டிய இரக்கமே அவனுக்குத் தீங்காய் முடிந்தது.

வலது முழங்கை முறிந்து, கட்டு அவிழ்க்கப்பட்டபின் பள்ளிக்கு வந்த அவனை நான் அழைத்து, "கையை அசையாமல் வைத்திரு, ஒரு வேலையும் செய்யாதே" என்று பணித்தேன். அவனுடைய புத்தகங்களைச் சுமக்க வேறு பிள்ளைகளை ஏவினேன். வீட்டிலோ, அவன் பேத்தியார் இரவுதோறும் நல்லெண்ணெய் பூசி உருவி, மடங்கியிருந்த முழங்கையை இழுத்து நிமிர்த்த முயன்றுவந்தார். பகலெல்லாம் அசைவின்மை, இரவிலே வலிந்த அசைவு. மூன்று மாதம் கழிந்தும் அப்பிள்ளையால் சோற்றுக் கவளத்தை வாயளவும் கொண்டுபோக இயலவில்லை. நாங்கள் இருவரும் அன்பினாலேதான் பிழை செய்தோம். ஆயினும் அவை வெவ்வேறு பிழைகள்.

என்பு முறிந்தவிடத்தில் முதலிலே குருதி தேங்கி உறைகின்றது. அவ்வுறைவினுள்ளே புதிய குருதிக் குழாய்களும் நார்களும் படர்ந்து, இரண்டு மூன்று வாரங்களில் மெல்லியதோர் இணைப்பு உண்டாகின்றது. பின்னர் அதிலே சுண்ணச் சத்துப் படிந்து இறுகுகின்றது. வளர்ந்தவருக்கு மணிக்கட்டு முறிவு பொருந்த ஏறக்குறைய ஆறு வாரம் வேண்டும். கீழ்க்கால் என்புக்கு மூன்று நான்கு மாதமும், சிலவேளை அதற்கு மேலும் செல்லும். சிறுவர்க்கு விரைவிலே பொருந்தும். புகைப்பவருக்குப் பொருந்துதல் தாமதமாகும் என்பதைச் சுருட்டுப் பிரியர்கள் குறித்துக்கொள்வார்களாக.

என்பு பொருந்துவதற்கு ஓய்வு வேண்டும். ஆனால் அதே ஓய்வு மூட்டுக்கும் தசைக்கும் பகையாகின்றது. மூட்டினுள்ளே என்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்குக் குருதிக் குழாய் இல்லை. மூட்டிலுள்ள நீர்மமே அதற்கு உணவு. அந்நீர்மத்தைப் பரவச் செய்வது அசைவு. அசைவு நின்றால் மூட்டைச் சூழ்ந்த உறை சுருங்கி ஒட்டிக்கொள்கின்றது. தசையும் இரண்டு வாரத்துக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்துவிடுகின்றது. என்புங்கூடத் தன்மேல் விழும் பாரத்துக்கேற்பவே தன்னை அமைத்துக்கொள்கின்றது என்பதை யூலியஸ் வொல்ஃப் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1892இல் விளக்கினார்.

இவ்விரண்டையும் இணக்கும் வழி பற்றி மேனாட்டு வைத்தியர்களிடையே நெடுநாள் வழக்கு நிகழ்ந்தது. லிவர்பூல் நகரிலே தொழில்செய்த ஹியூ ஓவன் தோமஸ், பரம்பரையாக என்பு கட்டும் குடும்பத்திலே பிறந்தவர்; இடையறாத நீண்ட ஓய்வே மருந்து என்பது அவர் கட்சி. பிரான்சிலே லூக்கா-சம்பியோனியர் என்பவர் இதற்கு எதிர்க்கட்சி நின்று, முறிவுகளை மென்மையான தடவலாலும் அசைவாலும் குணப்படுத்துவது பற்றி 1895இல் நூல் வெளியிட்டார். 1958இல் சுவிற்சர்லாந்தில் ஒன்றுகூடிய சத்திரசிகிச்சை வைத்தியர்கள் சிலர், முறிந்த துண்டுகளைத் தகட்டாலும் திருகாணியாலும் உறுதியாகப் பொருத்திவிட்டால் மூட்டை உடனே அசைக்கலாமே என்று முனைந்தனர். வழக்குத் தீர்ந்தது என்று கூறமாட்டேன். ஆனால் இன்று தீர்ப்பு பெரும்பாலும் அசைவின் பக்கமே சாய்ந்திருக்கின்றது. எந்த மூட்டை எப்பொழுது, எவ்வளவு அசைக்கலாம் என்று வகுத்துக் கொடுப்பதே இயன்மருத்துவரின் தொழில்.

இத்தொழில் கட்டு அவிழ்த்தபின் தொடங்குவதன்று. கட்டுப் போட்ட அன்றே தொடங்குகின்றது. மணிக்கட்டிலே கட்டு இருக்கும்பொழுது, வைத்தியர் தடுத்தாலன்றி, விரல்களை மடக்கி விரித்தல் வேண்டும். தோளை நாளுக்குப் பலமுறை உயர்த்துதல் வேண்டும். நம் முதியோர் பலர் மணிக்கட்டு முறிந்ததற்காகக் கையைக் கழுத்திலே தொங்கவிட்டு, ஆறு வாரத்தின்பின் மணிக்கட்டுத் தேறித் தோள் முடங்கியவராய் நிற்கின்றனர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கட்டுக்குக் கீழே விரல்கள் வீங்கினாலும், நீலம் பாரித்தாலும், விறைத்து உணர்விழந்தாலும், விரலை நிமிர்த்தும்போது தாங்கொணாத வலி எழுந்தாலும், விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. இறுகிய கட்டினாலோ உள்வீக்கத்தினாலோ குருதியோட்டம் தடைப்பட்டால் சில மணி நேரத்துக்குள் தசை மடிந்துபோகும். பின்னர் விரல்கள் பறவை நகம்போல் வளைந்து நின்றுவிடும். 1881இல் இதனை விவரித்த வொல்க்மன் என்பவரின் பெயராலேயே அவ்வூனம் வழங்குகின்றது. முழங்கைக்கு மேலே முறிந்த சிறுவர்களிடத்திலேயே இது மிகுதியாகக் காணப்படுவது.

பேத்தியாரின் எண்ணெய்க்கு வருவோம். எண்ணெயிலே குற்றமில்லை. கட்டு அவிழ்த்தபின் வறண்ட தோலுக்கு மெல்லெனத் தடவுதல் இதமானதே. குற்றம் இழுவையிலே உள்ளது. காயம்பட்ட முழங்கையைப் பிறர் வலிந்து நிமிர்த்தினாலும், அழுத்தி உருவினாலும், கிழிந்த தசையினுள்ளே என்பு முளைத்து மூட்டைப் பூட்டிவிடக்கூடும். ஆதலின் முழங்கையைப் பிள்ளை தானாகவே, தன் தசையின் வலுவாலேயே அசைக்கவேண்டும். அதற்கு விளையாட்டைப் போன்ற தூண்டுதல் வேறில்லை.

மணிக்கட்டு முறிவோ பெரும்பாலும் தாய்மாருக்கு வருவது. கிணற்றடிப் பாசியிலே கால் சறுக்க, விழும்போது கையை ஊன்றுகிறார்கள். எக்ஸ்கதிர் கண்டுபிடிக்கப்படுவதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1814இல், டப்ளின் நகரத்து ஆபிரகாம் கொலிஸ் விவரித்த முறிவு இதுவே. கட்டு அவிழ்த்ததும் கையை இளஞ்சூட்டு நீரிலே சற்று வைத்து, மணிக்கட்டை மேலும் கீழும் மடக்கவும், உள்ளங்கையை வானம் பார்க்கவும் நிலம் பார்க்கவும் திருப்பவும் பழகவேண்டும். திருப்பும் அசைவு வராவிட்டால் திறப்பைத் திருகவும் முடியாது. சில நாள் சென்றபின் ஈரத் துணியைப் பிழியலாம், மாப் பிசையலாம், தேங்காய் துருவுதல் அதற்கும் பிந்தியது. பயிற்சியின்போது தோன்றும் சிறு நோவு சற்று நேரத்தில் அடங்கினால் தீங்கில்லை. மறுநாட் காலையும் வலியும் வீக்கமும் நின்றால், அளவு மிஞ்சியது என்று கொள்க.

முதியோர் இடுப்பு முறிவு இன்னும் கடுமையானது. படுக்கையிலே கிடத்திவைத்தால் படுக்கைப் புண்ணும், சுவாசப்பைச் சளியழற்சியும், காலிலே குருதிக் கட்டியும் தொடரும். இக்காரணம்பற்றியே விரைவில் சத்திரசிகிச்சை செய்து மறுநாளே எழுப்பி நிறுத்த முயல்கின்றனர். "பாவம், கிழவியை வதைக்கிறார்கள்" என்று வைத்தியசாலைத் தாழ்வாரத்திலே உறவினர் முணுமுணுப்பதை நானும் கேட்டிருக்கிறேன். படுத்திருக்க விடுவதே வதை.

ஊன்றுகோலைப் பற்றியும் சொல்லவேண்டும். ஏனெனில் தெருவிலே காண்பவருள் பலர் அதனைப் பிழையாகவே பிடிக்கின்றனர். ஒற்றைக் கோலை நலிந்த காலின் பக்கமன்று, நல்ல காலின் பக்கத்துக் கையிலே பிடிக்கவேண்டும். அக்குள்வரை உயர்ந்த கோலாயின் பாரத்தைக் கைகளே தாங்கவேண்டும். அக்குளிலே சாய்ந்தால் நரம்பு நசுங்கிக் கை விறைக்கும். படியேறும்போது நல்ல கால் முன்னே; இறங்கும்போது நலிந்த காலும் கோலும் முன்னே.

என் மாணாக்கனை இறுதியில் ஓர் இயன்மருத்துவரிடம் அனுப்பினோம். அவர் பேத்தியாரின் இழுவையை நிறுத்தினார். என் கட்டளையையும் நீக்கினார். கரும்பலகையை அழிக்கும் வேலையை அவனுக்குக் கொடுக்கும்படி எனக்கு எழுதியனுப்பினார். முதல் வாரம் அவன் பலகையின் அடிவரிசையை மட்டுமே அழித்தான். மேலே எழுதியதை நான் அழித்தேன். ஆண்டு முடிவதற்குள் மேல்வரிசைக்கு எட்டினான். முழங்கை முற்றாக நிமிரவில்லை. சிறிது வளைவு எஞ்சி நின்றது. ஆனால் சோறுண்பதும் எழுதுவதும் அக்கையினாலேயே.