கைத்தறியும் கரியமில வாயுக் கணக்கும்

ஒரு நாட்டின் கரியமில வாயு வெளியேற்றம் கூடிற்று என்றோ குறைந்தது என்றோ ஆண்டுதோறும் அறிவிக்கப்படும் ஒற்றை எண், அந்நாட்டு மக்கள் எப்படி உழைக்கிறார்கள், எதை எரிக்கிறார்கள் என்பதைப் பற்றி மிகச் சிறிதே சொல்கிறது. புதைபடிவ எரிபொருள்களையும் சிமென்ட் உற்பத்தியையும் சேர்த்துக் கணக்கிட்டால், இந்தியாவின் வெளியேற்றம் 1990இல் ஏறத்தாழ 58 கோடி டன்னாக இருந்து, 2023இல் 300 கோடி டன்னைக் கடந்தது. ஐந்து மடங்குக்கு மேற்பட்ட இந்தப் பெருக்கத்தை அதன் காரணிகளாகப் பிரித்துப் பார்க்காமல் யாரையும் பழிக்கவோ பாராட்டவோ இயலாது. அந்தப் பகுப்பாய்வின் வலிமையையும் அதன் கண்ணுக்குத் தப்பும் செய்திகளையும், திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையிலுள்ள பட்டு நெசவு ஊரான ஆரணியை முன்வைத்துத் தெளிவாக விளக்கலாம்.

பகுப்பாய்வுக்கு அடிப்படையாக அமைவது ஜப்பானிய அறிஞர் யோய்ச்சி காயா வகுத்த சமன்பாடு. அதன்படி, நாட்டின் மொத்த வெளியேற்றம் நான்கு காரணிகளின் பெருக்குத்தொகை: மக்கள்தொகை, தலைக்குரிய பொருளுற்பத்தி, ஒரு ரூபாய் மதிப்புள்ள உற்பத்திக்குச் செலவாகும் ஆற்றல், அந்த ஆற்றலின் ஓர் அலகுக்கு வெளியாகும் கரியமில வாயு. மூன்றாவதை ஆற்றல் செறிவு என்றும் நான்காவதைக் கரிமச் செறிவு என்றும் வழங்குவர். காரணிகள் ஒன்றையொன்று பெருக்குவதால் ஒவ்வொன்றின் பங்கையும் வெறுமனே கூட்டிச் சொல்ல முடியாது. மடக்கை வழியே பிரித்தால், எந்தக் காரணிக்கும் சேராத மீதி எதுவும் இல்லாமல் கணக்கு முடியும்.

1990க்கும் 2023க்கும் இடையில் இந்திய மக்கள்தொகை 87 கோடியிலிருந்து 143 கோடியாக, அதாவது 1.64 மடங்காக உயர்ந்தது. விலைவாசி ஏற்றத்தை நீக்கிக் கணக்கிட்ட தலைக்குரிய உற்பத்தியோ நான்கு மடங்கைத் தாண்டியது. இவ்விரண்டும் மட்டுமே செயல்பட்டிருந்தால் வெளியேற்றம் ஏறத்தாழ ஏழு மடங்காகியிருக்க வேண்டும். அது ஐந்தேகால் மடங்களவில் நின்றதற்குக் காரணம், ஒரு ரூபாய் உற்பத்திக்கு வெளியாகும் கரியமில வாயு ஏறக்குறைய கால் பங்கு குறைந்ததே. ஆகவே பெருக்கத்தின் முதன்மைக் காரணம் மக்கள் பெருகியது என்பதைவிட, வறுமையிலிருந்து மக்கள் மேலேறியது என்பதே பொருத்தமானது. அந்த ஏற்றத்துக்குப் பிறகும் இந்தியரின் தலைக்குரிய வெளியேற்றம் ஆண்டுக்கு 2 டன் அளவிலேயே உள்ளது. உலகச் சராசரி 5 டன்னை நெருங்குகிறது, அமெரிக்காவிலோ அது 14 டன்.

ஆரணியின் நெசவைக் கருத்தில் கொள்ளும்போது இந்தச் சமன்பாட்டின் இடைவெளிகள் தெரிகின்றன. கச்சாப் பட்டு இழையைப் போர்த்தியிருக்கும் செரிசின் என்னும் பசையை நீக்க அதைச் சோப்பும் சோடாவும் கலந்த வெந்நீரில் வேகவைக்க வேண்டும். சாயம் ஏற்றவும் வெப்பம் வேண்டும். இவ்வேலையை விறகடுப்பில் செய்யும் சாயப்பட்டறையின் கரியமில வாயு, பன்னாட்டுக் கணக்கு முறையின்படி, ஆற்றல் துறையின் கூட்டுத்தொகையில் சேராது. வெட்டப்பட்ட மரத்தின் இழப்பு காடு, நிலப் பயன்பாடு ஆகியவற்றின் கணக்கில் பார்க்கப்படும். அதே பட்டறை எரிவாயு உருளைக்கு மாறினால், தொழிலாளியின் நுரையீரலுக்குள் செல்லும் புகை குறைந்தாலும், நாட்டின் ஆற்றல் துறைக் கணக்கில் கரியமில வாயு கூடும். வீடுகளின் அடுப்பிலும் இதே மாற்றம் கோடிக்கணக்கில் நடந்திருப்பதால், வெளியேற்ற உயர்வின் ஒரு பகுதி உண்மையில் நலவாழ்வின் உயர்வு என்பதை ஏற்கத்தான் வேண்டும்.

மனித உழைப்பும் அவ்வாறே கணக்குக்கு வெளியே நிற்கிறது. பாவில் ஊடையைக் கோக்கும் நெசவாளரின் கைகால் வலிமைக்கு ஆற்றல் புள்ளிவிவரத்தில் இடமில்லை. பூவேலை நெய்ய உதவும் ஜக்கார்டு பெட்டியைத் தூக்க மோட்டார் பொருத்திய நாளிலிருந்து மட்டுமே அத்தறி கணக்கில் நுழைகிறது. தமிழ்நாட்டில் 2023 முதல், இரு மாதங்களுக்கு ஒருமுறை கைத்தறிக்கு 300 யூனிட்டும் விசைத்தறிக்கு 1,000 யூனிட்டும் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு என்ற இந்திய மின்தொகுப்பின் சராசரியைப் பொருத்தினால், அந்த அளவு முழுவதும் பயன்படுத்தப்படும்போது முன்னதற்கு இரு மாதங்களில் 210 கிலோவும் பின்னதற்கு 700 கிலோவும் வெளியாகும். 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சேலை உள்ளிட்ட சில துணிவகைகளைக் கைத்தறிக்கென ஒதுக்கியது நெசவாளரின் பிழைப்பைக் காக்கவே. கரியமில வாயுவைக் குறைவாக வைத்திருக்கும் சட்டமாகவும் அது விளங்குவதை யாரும் கவனிப்பதில்லை.

அந்த 0.7 கிலோதான் இக்கட்டுரைப் பொருளின் மையம். தென்னக மின்தொகுப்பு 2013 டிசம்பர் 31 அன்று நாட்டின் பொதுத் தொகுப்புடன் இணைந்துவிட்டதால், ஆடிக் காற்றில் தமிழ்நாட்டின் முப்பந்தலில் உள்ள காற்றாலைகள் எவ்வளவு சுழன்றாலும், ஆரணியின் தறிக்குடிசையில் எரியும் விளக்கு கணக்கின்படி இந்தியா முழுமைக்குமான நிலக்கரியையும் சுமக்கிறது. 2025 நடுப்பகுதியில் நாட்டின் நிறுவப்பட்ட மின்திறனில் பாதி புதைபடிவம் சாராதது என்ற நிலை எட்டப்பட்டது, இது பெருமைக்குரியது. எனினும் நிறுவுதிறன் என்பது இயந்திரங்கள் உச்ச அளவில் தரக்கூடியது, உற்பத்தி என்பது அவை உண்மையில் தந்தது. உற்பத்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கு அண்மைக்காலம் வரை நிலக்கரியிலிருந்தே வந்தது. நான்காம் காரணியாகிய கரிமச் செறிவு பல பத்தாண்டுகளாகக் குறையாமலிருந்ததற்கு இதுவே முதற்காரணம்.

2005உடன் ஒப்பிட 2020இல் உற்பத்தி மதிப்புக்குரிய வெளியேற்றம் 36 விழுக்காடு குறைந்ததாக அரசு ஐக்கிய நாடுகள் அவைக்கு அறிக்கை அளித்துள்ளது. இது எல்லாப் பசுங்குடில் வாயுக்களுக்குமான கணக்கு. நெல்வயலும் கால்நடையும் வெளியிடும் மீத்தேன் பொருளாதாரத்தின் வேகத்தில் வளராததால் இவ்வெண், கரியமில வாயுவுக்கு மட்டுமான குறைவைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. அதே அறிக்கையின்படி 2020இல் மொத்த வெளியேற்றம் முந்தைய ஆண்டைவிட 7.93 விழுக்காடு சரிந்தது. அந்தச் சரிவைச் சாதனையாகக் கொண்டாடுவது பெருந்தவறு; பொது முடக்கத்தில் கல்யாணங்கள் சுருங்கி, பட்டுச் சேலைக்கு வாங்குவோர் இன்றித் தறிகள் ஓய்ந்த ஆண்டு அது. குறைந்தது மக்களின் வருவாய் என்ற இரண்டாம் காரணி. மின்சாரம் தூய்மையடைந்ததால் வந்த சரிவு அன்று அது.

2070க்குள் நிகர வெளியேற்றத்தைச் சுழியாக்குவதாக 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா உறுதியளித்தது. அந்தப் பொறுப்பை நெசவாளரின் மோட்டார் மீதோ அவர் வீட்டு எரிவாயு அடுப்பின் மீதோ ஏற்றுவது நியாயமாகாது. நெசவாளருக்குக் கட்டணமின்றித் தரும் மின்சாரத்தைச் சூரிய ஒளியிலிருந்தும் காற்றிலிருந்தும் பெற்றுத் தரும் கடமை அரசுக்கும் மின்வாரியத்துக்கும் உரியது. காற்றடிக்காத மாதங்களுக்காகச் சேமிப்பு வசதிகளையும் அவர்களே விரைந்து உருவாக்க வேண்டும்.